கடைப் பலகையில் ஒரு வசனம்: அதைச் சொன்னவர் யார்?

மட்டக்களப்புக் கல்லடியில் என் மருமகன் கைபேசி திருத்தும் கடை திறந்தபோது, பெயர்ப்பலகையின் அடியில் சிவப்பு எழுத்தில் ஒரு வசனம் எழுதுவித்திருந்தான். 'உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும். யோபு 8:7.' புதுக்கடை, புதுவீடு, கல்யாண அட்டை என்று எங்கள் பக்கத்தில் இந்த வசனம் போகாத இடமில்லை. ஜெபம் முடிந்து வடையும் தேநீரும் வந்த நேரத்தில் சும்மா கேட்டேன்: "இதைச் சொன்னது யார்?"

"கர்த்தர்தான் மாமா, வேறு யார்?" என்றான். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "யோபு" என்று திருத்தினார்.

இரண்டும் தவறு. சொன்னவர் பில்தாத். அந்தப் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் கடவுளிடம் கண்டனம் வாங்குகிற மூன்று பேரில் ஒருவர்.

"பைபிளில் என்ன போட்டிருக்கிறது?" என்று எங்கள் ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். வருத்தம் வந்தால் கேட்கிறார்கள், காணிச் சண்டை வந்தால் கேட்கிறார்கள், பக்கத்து வீட்டிலிருந்து கோயில் பொங்கல் வந்தால் கேட்கிறார்கள். உடனே யாராவது ஒரு வசனத்தை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். அது மருந்துச் சீட்டில் ஒரு வரியை மட்டும் கிழித்துக் கொடுப்பது போன்றது. மருந்தின் பெயர் இருக்கும். யாருக்கு, எந்த நோய்க்கு, எத்தனை வேளை என்பதெல்லாம் மற்றத் துண்டில் போய்விட்டிருக்கும். ஒரு வசனத்தை வைத்துப் பதில் சொல்வதற்கு முன் என்ன பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை. நான் இறையியல் படித்தவனல்ல. ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் முழித்து முழித்துக் கற்றுக்கொண்டவன்.

ஒரு புத்தகம் அல்ல, ஒரு பெட்டி

உங்கள் அம்மம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்தால் என்ன இருக்கும்? காணி உறுதி இருக்கும். மத்திய கிழக்கிலிருந்து சித்தி எழுதிய கடிதங்கள் இருக்கும். பழைய கொப்பி ஒன்றில் தாலாட்டு எழுதியிருக்கும். யாருக்கோ கொடுத்த கடனின் கணக்கு இருக்கும். உறுதியில் 'கிழக்கே வாய்க்கால்' என்றிருந்தால் அது எல்லை. தாலாட்டில் 'பொன்னால் தொட்டில்' என்றிருந்தால் அந்தத் தொட்டிலைத் தேடி யாரும் வீட்டைக் கிண்டுவதில்லை.

பைபிளும் அப்படி ஒரு பெட்டிதான். மெதடிஸ்த, அங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே சபைகளின் வேதாகமத்தில் 66 நூல்கள். கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் 73. உள்ளே சட்டம் இருக்கிறது, வரலாறு இருக்கிறது, பாட்டு இருக்கிறது, பழமொழி இருக்கிறது, சொந்தப் பெயர் போட்டு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. ஒரு நூல் இவற்றில் எந்த ரகம் என்பதை இலக்கிய வகை என்பார்கள். பழமொழியைச் சட்டமாக வாசித்தால் வீட்டில் சண்டை வரும். பாட்டை வரலாறாக வாசித்தால் தலை சுற்றும்.

இன்னொரு விடயம். '8:7' போன்ற அதிகார, வசன எண்களை அந்த நூல்களை எழுதியவர்கள் போடவில்லை. இன்று நாம் காணும் அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்பவர் வகுத்தவை என்பார்கள். புதிய ஏற்பாட்டின் வசன எண்களை 1551இல் ரொபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகக்காரர் போட்டார். பவுல் என்ற அப்போஸ்தலர் ஆதிச் சபைகளுக்குக் கடிதம் எழுதி ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு! வசன எண் வீதியோரத்துக் கிலோமீற்றர் கல் மாதிரி. இடம் கண்டுபிடிக்க உதவும். அந்தக் கல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து முற்றத்தில் நட்டால் வீதி வீட்டுக்கு வந்துவிடாது.

பேசுவது யார்?

இப்போது பில்தாதிடம் வருவோம்.

யோபு ஒரே நாளில் மாடுகளையும் ஒட்டகங்களையும் வேலையாட்களையும் இழக்கிறான். பிள்ளைகள் பத்துப் பேரும் ஒரு வீட்டில் கூடிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெருங்காற்று அடித்து வீடு அவர்கள்மேல் விழுகிறது. 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளியைப் பார்த்த எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள், இரவும் பகலும், தரையில் அவனோடு பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி.

பிறகுதான் வாயைத் திறக்கிறார்கள். பில்தாத் 8ஆம் அதிகாரத்தில் பேசத் தொடங்குகிறார். கடைப்பலகை வசனத்துக்கு மூன்று வசனம் முன்னால், 8:4ஐப் பாருங்கள். உன் பிள்ளைகள் பாவம் செய்திருந்தால், கடவுள் அவர்களை அந்தப் பாவத்தின் தண்டனைக்கு விட்டுவிட்டார் என்பது அதன் பொருள். பத்துப் பிள்ளைகளைப் புதைத்த தகப்பனிடம் சொன்ன பேச்சு இது! அடுத்தது ஒரு நிபந்தனை: நீ சுத்தமும் செம்மையுமானவனாக இருந்தால் உன் முடிவு சம்பூரணமாகும். நாம் சிவப்பு எழுத்தில் எழுதுவது அந்த நிபந்தனையின் வால்.

கடைசி அதிகாரத்தில் கடவுள் அந்த மூவரில் ஒருவரான எலிப்பாசைக் கூப்பிட்டு, நீயும் உன் இரண்டு நண்பர்களும் என்னைக் குறித்து 'நிதானமாய்ப் பேசவில்லை' என்கிறார். முப்பதுக்கும் மேற்பட்ட அதிகாரங்களின் வாதத்துக்குத் தீர்ப்பு அங்கேதான் வருகிறது.

பைபிளில் இருப்பது வேறு, பைபிள் சொல்வது வேறு. நீதிமன்றச் செய்தியில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவரின் பேச்சும் அச்சாகும். அதைப் பத்திரிகையின் கருத்தென்று எவரும் எடுப்பதில்லை. பைபிளில் ரோம ஆளுநன் பிலாத்து பேசுகிறான், எகிப்து அரசன் பார்வோன் பேசுகிறான், பிசாசும் பேசுகிறான். பிசாசு பேசும்போது வசனம் சொல்லித்தான் பேசுகிறான். மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் இயேசுவைத் தேவாலயத்து உச்சியில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று 91ஆம் சங்கீதத்தைக் காட்டுகிறான். வசனம் சரி, பயன்படுத்திய இடம் பிழை. சங்கீதத்தில் 'உன் வழிகளிலெல்லாம்' காப்பார் என்று ஒரு சொல் இருக்கிறது. வழியில் நடப்பவனைக் காப்பதைப் பற்றிய பாட்டு அது, கூரையிலிருந்து குதிப்பவனுக்கானது அல்ல. பிசாசு மேற்கோள் காட்டும்போது அந்தச் சொல்லை விட்டுவிட்டான். இயேசு வேறொரு வசனத்தால், உபாகமம் 6:16ஆல், பதில் சொன்னார்.

யாரிடம் பேசப்படுகிறது?

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு பஸ்ஸில் போகிறீர்கள். முன் இருக்கையில் ஒருவர் கைபேசியில் பேசுகிறார். "வேண்டாம், விற்றுவிடு. அவனிடம் மட்டும் கொடுக்காதே." மாட்டையா, காணியையா, மோட்டார் சைக்கிளையா என்று உங்களுக்குத் தெரியாது. காத்தான்குடி தாண்டுவதற்குள் நீங்களாக ஒரு கதை கட்டியிருப்பீர்கள். ஆரையம்பதி வரும்போது அது உண்மை என்றே நம்பியிருப்பீர்கள்.

பவுலின் கடிதங்களை வாசிப்பது அந்த முன் இருக்கைப் பேச்சைக் கேட்பது போன்றது. கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் கடிதம் 7:1இல், நீங்கள் எனக்கு எழுதிய காரியங்களைக் குறித்து என்று தொடங்குகிறார். அவர்கள் எழுதியது நம்மிடம் இல்லை. பதில் மட்டும் இருக்கிறது. எனவே மற்றப் பக்கத்தில் யார், என்ன பிரச்சினை என்று முன்னும் பின்னும் வாசித்துத்தான் ஊகிக்க வேண்டும். ஒரு வசனத்தைச் சுற்றியுள்ள இந்தப் பேச்சு, ஆள், காலம், இடம் எல்லாவற்றையும் சேர்த்துச் சூழமைவு என்கிறோம்.

எங்கள் சபைகளில் புத்தாண்டு இரவில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தட்டில் இருக்கும் அட்டைகளில் ஒன்றை எடுத்தால் அதுதான் அந்த ஆண்டுக்கான வசனம். அதில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. 'நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்' என்று தொடங்கும். விசா வரும், வேலை கிடைக்கும் என்று அதை எடுத்தவர் மகிழ்வார்.

இது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம். முந்திய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே ஆண்டில் எல்லோரும் திரும்பிவிடுவீர்கள் என்று கூட்டத்தைக் குளிர்வித்திருந்தான். எரேமியாவின் கடிதமோ, வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், 70 ஆண்டு ஆகும் என்கிறது. அதற்கு அடுத்த வரிதான் 29:11. கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பலர் அந்த முடிவைப் பார்க்கப் போவதில்லை.

இடம்பெயர்ந்தோர் முகாமில் தகரக் கொட்டிலுக்கு முன்னால் முருங்கைக் கம்பு ஊன்றியவர்கள் எங்கள் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அடுத்த மாதம் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சை நம்பிக் கம்பு ஊன்றாமல் விட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கடிதத்தை முழுதாக வாசித்துக் காட்டிப் பாருங்கள். அட்டையில் இருக்கும் ஒற்றை வரியைவிட அது எவ்வளவு கனமானது என்று உங்களுக்கே தெரியும்.

இதுவரை பார்த்தது: நூல் எந்த ரகம், பேசுவது யார், யாரிடம், எந்தப் பிரச்சினைக்காக. இவ்வளவுதான் கருவி. இனி இரண்டு கேள்விகளில் இதைப் பயன்படுத்திப் பார்ப்போம்.

பக்கத்து வீட்டுப் பொங்கல்

வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்தித் திருவிழா வரும். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா வாழையிலைத் துண்டால் மூடிய கிண்ணத்தில் பொங்கலைக் கொண்டுவந்து வேலிக்கு மேலால் நீட்டுவார். மார்கழியில் எங்கள் கேக் அதே வேலிக்கு மேலால் அந்தப் பக்கம் போகும். கேள்வி பழையது: சாப்பிடலாமா?

இரண்டு பக்கத்துக்கும் வசனம் இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 15:29 விக்கிரகங்களுக்குப் படைத்ததை விலக்கச் சொல்கிறது. 1 கொரிந்தியர் 10:27, விசுவாசியல்லாத ஒருவர் விருந்துக்கு அழைத்து நீ போக மனதாயிருந்தால், வைத்ததை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடு என்கிறது. ஆளுக்கொரு வசனத்தைத் தூக்கிக்கொண்டு சண்டை போடலாம். எங்கள் வீட்டில் போட்டிருக்கிறோம்.

கொரிந்து கிரேக்கத் துறைமுக நகரம். அங்கே கோயில்களில் பலியான மிருகங்களின் இறைச்சி சந்தைக்கும் வரும், விருந்துக்கும் வரும். பவுல் ஒரே 'சாப்பிடலாம்' அல்லது 'கூடாது' சொல்லவில்லை. மூன்று இடங்களைப் பிரிக்கிறார். வழிபாட்டிலேயே உட்கார்ந்து பங்கெடுப்பதா? கூடாது, அந்தப் பகுதியில் அவர் கடுமையாகவே பேசுகிறார். சந்தையில் வாங்குவதா? வாங்கிச் சாப்பிடு, விசாரிக்காதே, பூமியும் அதன் நிறைவும் கர்த்தருடையது. ஒருவர் வீட்டில் விருந்தா? சாப்பிடு. ஆனால் யாராவது, இது படையல் என்று சொன்னால் சாப்பிடாதே. உன் மனச்சாட்சிக்காக அல்ல, சொன்னவரின் மனச்சாட்சிக்காக.

இந்தக் கடைசி விதியை எனக்கு எடுத்துக் காட்டியது என் மகள். "அப்பா, அக்கா கிண்ணத்தைத் தரும்போதே 'அம்மனுக்குப் படைத்தது' என்று சொல்லித்தானே தருகிறார்? அப்படியென்றால் 10:28 நமக்குத்தானே?" நான் அதுவரை 10:27ஓடு நின்று நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன். அடுத்த வசனத்தை வாசி என்று மற்றவர்களுக்குச் சொல்லித் திரிகிற எனக்கே இது நடந்தது.

எனவே பின்னால் போய் 8ஆம் அதிகாரத்திலிருந்து வாசித்தோம். அங்கே பவுல் படையலைப் பெயர் சொல்லித் தொடங்கினாலும், உடனே பேசுவது உணவைப் பற்றி அல்ல: 'அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்.' பலவீனமான மனச்சாட்சியுள்ளவர், அதாவது அண்மையில்தான் பழைய வழிபாட்டை விட்டு வந்து இன்னும் தடுமாறிக்கொண்டிருப்பவர், நீ சாப்பிடுவதைப் பார்த்துத் தன் மனச்சாட்சிக்கு விரோதமாக நடந்துவிடுவாரா என்பதே அவருடைய கவலை. எனக்குத் தெரியும் என்று தின்று அவரை விழுத்துவதைவிட, என்றைக்கும் இறைச்சியே தொடமாட்டேன் என்று அதிகாரத்தை முடிக்கிறார்.

அப்படிப் பார்த்தால் ஒரே கிண்ணத்துக்கு இரண்டு பதில் வரலாம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு நாங்கள் ஞாயிறு தவறாமல் எங்கே போகிறோம் என்று நன்றாகத் தெரியும். பொங்கலை வாங்கினால் நாங்கள் குளிர்த்தி வழிபாட்டில் சேர்ந்துவிட்டோம் என்று அவர் நினைக்கப் போவதில்லை. வாங்காவிட்டால் முகம் வாடும். ஆனால் அன்று எங்கள் வீட்டில், சபைக்குப் புதிதாக வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் நான் கிண்ணத்தைத் திறக்கமாட்டேன். என் மகளுக்கு இந்த வாதம் முழுதாகப் பிடிக்கவில்லை. அவள் சாப்பிடுவதில்லை. நான் சாப்பிடுகிறேன். ரோமர் 14ஆம் அதிகாரம், தின்கிறவன் தின்னாதவனை அற்பமாக எண்ணக்கூடாது, தின்னாதவன் தின்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக்கூடாது என்கிறது. எங்கள் வீட்டில் அதில் இரண்டாம் பாதியைக் கடைப்பிடிப்பதுதான் சிரமமாக இருக்கிறது.

அப்போஸ்தலர் 15? அது யூத விசுவாசிகளும் யூதரல்லாதவர்களும் ஒரே சபையில் எப்படி ஒத்துப்போவது என்ற தகராறைத் தீர்க்க எருசலேமிலிருந்து போன கடிதம். அதையும் பொதுச் சட்டமாகவே எடுக்கும் சபைகள் இருக்கின்றன. அவர்களோடு நான் வாதாடுவதில்லை. கடிதம் யாருக்குப் போனது என்று மட்டும் கேட்பேன்.

"இது பாவத்துக்கு வந்த தண்டனையா?"

2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடந்த நாவலடி சுனாமியில் அழிந்தது. அதற்குப் பிறகு ஒரு மரண வீட்டில், ஆறுதல் சொல்ல வந்த ஒருவர் தாயிடம் சொன்னார்: "தேசம் செய்த பாவம்." கையில் பைபிள் இருந்தது. அந்தத் தாய் ஒன்றும் பேசவில்லை. மடியில் இருந்த சிறிய சட்டையை மடித்து, விரித்து, மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். எனக்கும் வாய் வரவில்லை. எனக்கு அப்போது லூக்கா 13 தெரியாது என்றில்லை, நினைவுக்கு வரவில்லை.

லூக்கா 13இன் தொடக்கத்தில் சிலர் இயேசுவிடம் ஒரு செய்தி கொண்டுவருகிறார்கள். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்று, அவர்கள் இரத்தத்தை அவர்களுடைய பலிகளோடே கலந்துவிட்டான். வழிபாட்டில் இருந்தவர்களைக் கொன்றான் என்பதே செய்தி. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துக் குழந்தைகளும் பெரியவர்களும் இறந்த பிறகு, இந்த வரியை இந்த ஊரில் சத்தமாக வாசிப்பது எளிதல்ல.

அந்தக் கலிலேயர் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்கிறார். அவரே பதில் சொல்கிறார்: 'அப்படியல்ல.' பிறகு தானாகவே இரண்டாவது உதாரணத்தை எடுக்கிறார். சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தார்கள். மனிதன் செய்த கொலை ஒன்று, தற்செயலாக நடந்த விபத்து ஒன்று. இரண்டுக்கும் ஒரே பதில்: அவர்கள் அதிக பாவிகள் அல்ல.

இங்கேயே நிறுத்தினால் நானும் வசனத்தை வெட்டியவனாவேன். இரண்டு தடவையும் அவர் சேர்த்துச் சொல்கிறார்: நீங்கள் மனந்திரும்பாவிட்டால் நீங்களும் கெட்டுப்போவீர்கள். கேள்வி செத்தவர்களைப் பற்றி வந்தது. அவர் அதைக் கேட்டவர்கள் பக்கம் திருப்பிவிட்டார். உடனே ஓர் உவமை சொல்கிறார்: மூன்று ஆண்டு காய்க்காத அத்திமரத்தை வெட்டச் சொல்கிறான் தோட்டத்துச் சொந்தக்காரன். தோட்டக்காரன், இந்த ஆண்டும் இருக்கட்டும், சுற்றிக் கொத்தி எரு போடுகிறேன் என்கிறான். மரம் பிறகு காய்த்ததா என்று லூக்கா எழுதவில்லை.

அப்படியானால் கடவுள் ஏன் அனுமதித்தார்? அதற்கான காரணத்தை இந்தப் பகுதி தரவில்லை. யோபுவின் புத்தகமும் யோபுவிடம் தரவில்லை. செத்தவர்களின் கணக்கை நாம் எழுதக்கூடாது என்பது மட்டும் இரண்டிலும் தெளிவாக இருக்கிறது. பில்தாத் செய்தது அந்தக் கணக்கெழுதும் வேலையைத்தான்.

அப்படியென்றால் வசனமே சொல்லக்கூடாதா?

இப்படிச் சொல்லிக்கொண்டு போனால் சிலர் பயந்துவிடுகிறார்கள். பயப்படத் தேவையில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவருக்கு 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்று சொல்வதற்கு எபிரேயக் கவிதை இலக்கணம் வேண்டாம். அது பாட்டு, நம்புகிறவர் வாயில் வருவதற்காகவே எழுதப்பட்டது. கவனம் வேண்டியது ஒருவரைத் தீர்ப்பதற்கோ, ஒருவர் முடிவெடுப்பதற்கோ வசனத்தை நீட்டும்போதுதான்.

பைபிளில் பெயரே இல்லாத கேள்விகளும் உண்டு. வெளிநாட்டு ஏஜென்சி, இரத்த தானம். அவற்றுக்கு நேர் வசனம் தேடினால் எதையாவது வளைக்க வேண்டியிருக்கும். பவுல் படையல் இறைச்சி விடயத்தில் செய்த மாதிரி, இதில் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்பதுதான் வழி. கத்தோலிக்கர் இதோடு திருச்சபையின் போதனையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். மற்றச் சபைகள் வேதமே இறுதி என்பார்கள். அந்த வேறுபாட்டுக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

கடைத் திறப்பன்று இரவு மருமகன் வீட்டுக்கு வந்தான். யோபுவின் முதல் இரண்டு அதிகாரத்தையும் 8ஐயும் கடைசி அதிகாரத்தையும் வாசித்திருந்தான். "பலகையைக் கழற்றவா மாமா?" என்றான். சோகமாகத்தான் கேட்டான், பெயின்ற் இன்னும் சரியாகக் காயவில்லை.

42:12ஐக் காட்டினேன். 'கர்த்தர் யோபின் முன்னிலைமையைப்பார்க்கிலும் அவன் பின்னிலைமையை ஆசீர்வதித்தார்.' பில்தாத் சொன்ன சம்பூரணமான முடிவு யோபுக்கு வந்தது. ஆனால் பில்தாத் போட்ட நிபந்தனைப்படி அல்ல. தப்பாகப் பேசிய நண்பர்களுக்காக யோபு ஜெபம் செய்த பிறகு வந்தது. இந்த வசனத்தைச் சொல்வது பில்தாத் அல்ல, கதையை எழுதியவர்.

அவன் மேசையில் விரலை வைத்து இரண்டு வசனங்களின் எழுத்துகளையும் எண்ணினான். பெயர்ப்பலகைக்காரர் எழுத்துக்கு இவ்வளவு என்றுதான் காசு வாங்குகிறவர்.

"முப்பத்தொன்பதுக்கு முப்பத்தெட்டு" என்றான். "ஓர் எழுத்து மிச்சம், மாமா."